மூலபந்தமும் மாங்காய்ப் பூட்டும்

"மூச்ச முழுசா வெளிய விட்டாச்சா? இப்ப கீழ லாக் பண்ணுங்க சார். நல்லா இறுக்கி லாக் பண்ணுங்க."

நாகல்நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவரின் மகன் நான். அறுபது தாண்டிய என்னைப் பார்த்து, பூட்டுவது எப்படி என்று இருபத்தாறு வயதுப் பெண் பாடம் நடத்துகிறாள். மாதம் 1,500 ரூபாய் கட்டணம். இடம் திண்டுக்கல்லில் ஒரு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி, நேரம் காலை ஆறரை. மூலபந்தம், உட்டியாண பந்தம், ஜாலந்தர பந்தம் என்று மூன்று உண்டாம். பந்தம் என்றால் கட்டு. அது இங்கிலீஷ் புத்தகத்துக்குப் போய் 'லாக்' ஆகி, ரிஷிகேஷில் சான்றிதழ் வாங்கி, திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்திருக்கிறது. மாடியில் பதினெட்டுப் பேர் இருந்தோம். எனக்கு மட்டும்தான் சிரிப்பு வந்தது. சிரித்ததில் பூட்டு கழன்றுவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து.

அப்பாவின் பட்டறையில் யாரும் கண்ணை மூடி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தகரக் கூரை, பித்தளைத் தூள், கரி, எண்ணெய் வாசம், நாலு பேர். மாங்காய்ப் பூட்டுக்குள் லீவர் என்று மெல்லிய பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் சின்ன ஸ்பிரிங். சாவி உள்ளே திரும்பும்போது எல்லா லீவரும் அதனதன் உயரத்துக்கு எழும்ப வேண்டும். ஒரே ஒரு லீவர் மயிரிழை கூடவோ குறையவோ நின்றால் தாழ் நகராது. அப்பா கடைசி லீவரை அரத்தில் இரண்டு இழுப்பு இழுப்பார், பொருத்திப் பார்ப்பார், கழற்றுவார், மறுபடி ஒரு இழுப்பு. அந்த இழுப்பின்போது அவருக்கு மூச்சு ஓடாது. நாங்களும் மூச்சு விடக்கூடாது. ஒருமுறை அந்த நேரம் பார்த்து, "அப்பா, பள்ளிக்கூடத்துல பீஸ் கேக்குறாங்க" என்றேன். அரம் என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் விழுந்தது.

மனதை ஓரிடத்தில் நிறுத்துவதற்குத் தாரணை என்று பெயர், எட்டு அங்கங்களில் அது ஆறாவது என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். எட்டு அங்கமும் எட்டு லீவர் மாதிரி, ஒன்று பிசகினாலும் கதவு திறக்காது என்று வகுப்பில் எடுத்துவிட்டால் கைதட்டு வாங்கலாம். அப்பா கேட்டிருந்தால், "லீவர் தேஞ்சா மாத்திக்கலாம்டா, போய் வேலையப் பாரு" என்றிருப்பார். தாரணை வரைக்கும் ஏறிய மனுஷன் முதல் படியான அகிம்சையில் அரத்தோடு நின்றுவிட்டார் என்பதும் உண்மை.

முதல் படி என்று சொன்னேன் அல்லவா? பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் மொத்தம் 196 சூத்திரம். அதில் ஆசனத்துக்கு என்று இருப்பது மூன்றுதான். மாடி வகுப்பில் ஒரு மணி நேரத்தில் பாதி அந்த மூன்றுக்குப் போகிறது. ஆசனத்துக்கு முன்னால் இயமம், நியமம் என்று இரண்டு படிகளை வைத்திருக்கிறார் அவர். அதற்கு விரிப்பும் வேண்டாம், டீ-சட்டையும் வேண்டாம். அதனால்தானோ என்னவோ வகுப்பிலும் அதற்கு நேரம் கிடையாது. இயமம் ஐந்து: கொல்லாமை, பொய்யாமை, திருடாமை, பிரம்மச்சரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை.

இதில் மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஊர் உலகம் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் எங்கள் வீட்டில் உலை கொதித்திருக்காது. திருடன் இருக்கிறான், சேர்த்து வைக்கிறவனும் இருக்கிறான், ஆகவே திண்டுக்கல் பூட்டு இருக்கிறது. அப்பா வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போய், "யாவாரம் நல்லா நடக்கணும் முருகா" என்று வேண்டிக்கொண்டு வருவார். யாருக்காக வேண்டிக்கொண்டார் என்று இப்போது யோசித்தால் கொஞ்சம் தர்மசங்கடமாக இருக்கிறது. திருடர்கள் குறைந்ததாகத் தெரியவில்லை, யாவாரம்தான் குறைந்தது. அலிகாரிலிருந்து மெஷினில் அடித்த பூட்டு மலிவாக வந்து இறங்கியது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது, ஆள் போன பிறகு வந்த மாலை மாதிரி.

அந்தப் பழனி நடையைச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு நத்தம் பக்கமிருந்து வருகிற பாதயாத்திரைக் கூட்டம் திண்டுக்கல்லைத் தாண்டி ஒட்டன்சத்திரம் வழியாகப் போகும். இங்கிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். அப்பா வெறுங்காலில் நடப்பார். மாலை போட்ட நாளிலிருந்து பீடி கிடையாது, கவிச்சி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. பட்டறையில் எல்லோரையும் 'சாமி' என்பார். பையன் லீவரைத் தப்பாக வெட்டினால், பல்லைக் கடித்துக்கொண்டு, "சாமி, கொஞ்சம் பார்த்து வெட்டக் கூடாதா சாமி" என்பார். வீட்டில் எங்களுக்கு அதுதான் வருஷத்தின் பொற்காலம். மலை இறங்கி மாலையைக் கழற்றியதும், விட்ட நாளுக்கெல்லாம் வட்டியோடு திட்டு கிடைக்கும்.

போன தையில் நானும் நடந்தேன். செருப்போடுதான், நல்ல ஷூ. கையில் மகன் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிய கடிகாரம். அது அடியை எண்ணும், நாடியை எண்ணும், தூக்கத்தை எண்ணும். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது 'இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்' என்று திரையில் வாணவேடிக்கை காட்டியது. எனக்கு முன்னால் காவடி தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் போனார். கொப்புளம் உடைந்து காலில் துணி கட்டியிருந்தார். அவர் எத்தனை அடி வைத்தார் என்பது அவருக்குத் தெரியாது. நான் மலையடிவாரத்தில் முதல் வேலையாகக் கடிகாரத்துக்குச் சார்ஜ் போட இடம் தேடினேன். முருகனை இரண்டாவதாகத்தான் பார்த்தேன்.

இதையெல்லாம் சொல்வதால், 'அந்தக் காலத்தில் வாழ்க்கையே யோகா' என்று நான் சொல்லப்போவதாக நினைத்துவிடாதீர்கள். அந்த வசனத்தை எங்கள் மாடியிலேயே வாரம் ஒருமுறை கேட்கிறேன். "அந்தக் காலத்துல லேடீஸ் தண்ணி எறைச்சாங்க, மாவாட்டுனாங்க, அதெல்லாமே யோகா சார்." எனக்கு அம்மாவின் முழங்கால் ஞாபகம் வரும். திண்டுக்கல் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர் போன ஊர். இந்த ஊருக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள் என்று எங்கள் சொந்தத்தில் கேலி பேசுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டதும் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். வரிசையில் நிற்பாள், சண்டை போடுவாள், இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று சுமந்து வருவாள். அதற்குத் தபஸ் என்றோ சந்தோஷம் என்றோ நியமத்திலிருந்து ஒரு பெயரை எடுத்து நாம் இப்போது ஒட்டலாம். அம்மாவிடம் சொல்லியிருந்தால் குடத்தாலேயே அடித்திருப்பாள். அவள் நின்றது வரிசையில், ஆசனத்தில் இல்லை. வேறு வழி இருந்திருந்தால் தூங்கியிருப்பாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒருமுறை காந்திகிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில், 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் ஆரம்பித்த இடம். கதர் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் காந்தியின் பதினோரு விரதங்களை ஒவ்வொன்றாக விளக்கினார். முதல் ஐந்தும் பதஞ்சலியின் அதே ஐந்துதான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. காந்தி அதை ஆசிரமத்துக் காலை வழிபாட்டுக்குக் கொண்டுவந்து, கூடவே உடலுழைப்பு, அஞ்சாமை, சுதேசி, தீண்டாமை ஒழிப்பு என்று ஊருக்கு வேண்டியதையும் சேர்த்துவிட்டார். யோகம் குகையை விட்டு ராட்டைக்கு வந்தது அப்படித்தான். எங்களுக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. 'அஸ்வாதம்' என்று ஒன்று சொன்னார், அதுதான் ஏறியது. நாக்கு ருசிக்காகச் சாப்பிடக் கூடாதாம். திண்டுக்கல் பையன்கள் நாற்பது பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெரியவர் நல்ல மனுஷன், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

அந்தச் சிரிப்புக்கு இப்போது தினமும் தண்டனை அனுபவிக்கிறேன். மாடி வகுப்புக்குக் கீழே பிரியாணிக் கடை. ஏழு மணிக்கு, சரியாக நாடி சுத்தி தொடங்கும் நேரத்தில், கீழே சின்ன வெங்காயம் வதங்க ஆரம்பிக்கும். இடது மூக்கில் இழுத்தால் பட்டை, கிராம்பு. வலது மூக்கில் விட்டு, வலது மூக்கில் இழுத்தால் இஞ்சி பூண்டு. ஏழு இருபதுக்குச் சீரகச் சம்பா. "மூச்ச மட்டும் கவனிங்க" என்கிறாள் அந்தப் பெண். வேறு எதையும் கவனிக்க முடிந்தால்தானே! திண்டுக்கல்லில் பிராணனை உள்ளே இழுத்தால் அது வெறுங்கையோடு வருவதில்லை.

இந்த விஷயத்தில் எனக்குத் திருமூலர்தான் ஆறுதல். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமத்தைச் சொல்லும்போது பகுத்துண்பதையும் அதில் சேர்த்துவிடுகிறார். பதஞ்சலியின் ஐந்தில் அது கிடையாது. யோகியே ஆனாலும் நம்ம ஊர்க்காரர் சாப்பாட்டுப் பேச்சில்லாமல் முடிப்பாரா? நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து ஒரு பிளேட் வாங்கிப் பகுத்து உண்கிறோம். இயமம்தான்.

உண்ணும்போது என்ன பேசுகிறோம் என்பது வேறு கதை. பக்கத்து வத்தலக்குண்டுக்காரர் ராஜம் அய்யர் 1872-இல் பிறந்து 1898-இல் போய்விட்டார், இருபத்தாறு வயது. அதற்குள் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிவிட்டு, 1896-இல் தொடங்கிய 'பிரபுத்த பாரதா' பத்திரிகைக்கு ஆசிரியராகி, விவேகானந்தர் பேசிய வேதாந்தத்தை மாதாமாதம் இங்கிலீஷில் எழுதினார். அப்பேர்ப்பட்ட வேதாந்தி தன் நாவலில் ஊர்வம்பு பேசும் பெண்களின் கூட்டத்தை வைத்திருக்கிறார் பாருங்கள், அது வேதாந்தத்தைவிட எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகாசபை என்றே பெயர் சூட்டிக் கேலி செய்திருப்பார். எங்கள் மாடியில் சவாசனம் முடிந்து கண் திறந்த மூன்றாவது நிமிஷம் அந்தச் சபை கூடிவிடும், ஆண்கள் தலைமையில். யார் வீட்டுப் பத்திரத்தில் வில்லங்கம், யார் மகன் யாரோடு போனான். உடம்பு தளர்ந்து, மனம் லேசாகி இருப்பதால் வம்பு நன்றாக இறங்குகிறது. ஜூன் 21 யோகா தினத்துக்கு எல்லோரும் மலைக்கோட்டை ஏறினோம். உச்சியில் உள்ள கோயிலில் சிலை கிடையாது, அம்மன் எப்போதோ கீழே ஊருக்குள் வந்துவிட்டாள். காலிக் கருவறைக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்று படம் எடுத்து அனுப்பிக்கொண்டோம்.

இதற்கிடையில் சாயங்காலங்களில் மனவளக்கலைக்கும் போனேன். அதை ஆரம்பித்த வேதாத்திரி மகரிஷி 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்தவர், யாவாரம் செய்தவர், குடும்பஸ்தர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். வீட்டை விட்டு ஓட வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதுதான் அவர் பாடம். பட்டறைக்காரன் மகனுக்குத் தறிக்காரர் சொல்வது எளிதில் பிடிபட்டது, பொய் சொல்லக் கூடாது. முழங்கால் வலி குறைந்தது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது.

அங்கே அகத்தாய்வு என்று ஒரு பகுதி. ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல். சினம் தவிர்த்தலுக்கு ஒரு தாளை எடுத்து, யார் யார் மேல் நமக்குக் கோபம் என்று எழுத வேண்டும். பிறகு ஒவ்வொருவராக எடுத்து ஆராய்ந்து, கோபத்தைக் கழற்றி, மனதார 'வாழ்க வளமுடன்' என்று வாழ்த்த வேண்டும். நான் இரண்டு தாள் கேட்டு வாங்கினேன். முதல் பெயர் எழுத யோசிக்கவே இல்லை: பக்கத்து வீட்டுக்காரர். அவர் முருங்கை மரம் எங்கள் பக்கம் சாய்ந்து, வருஷா வருஷம் கம்பளிப்பூச்சியைக் கொட்டுகிறது. கேட்டேன், வெட்டவில்லை. கிளையை நானே வெட்டினேன். அதிலிருந்து இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. என் மனைவி மட்டும் சுவருக்கு மேலே முருங்கைக்கீரை வாங்குவதும் மோர் கொடுப்பதுமாகத் தனி ராஜாங்கம் நடத்துகிறாள். மூன்றாம் வாரம் ஆசிரியர் கேட்டபோது, முதல் பெயரை அடித்துவிட்டேன், வாழ்த்தியாகிவிட்டது என்று எழுந்து நின்று சொன்னேன். கைதட்டினார்கள். இரண்டாவது இயமம் எது என்று மேலே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மனைவி அக்கம்பக்கத்துப் பெண்களோடு விடிகாலையிலேயே பழனிக்குக் கிளம்பிவிட்டாள். நான் ஆறே காலுக்கு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். போன் கொண்டுவரக் கூடாது, புலன்களை உள்ளே திருப்புவதுதான் பிரத்தியாகாரம் என்று வகுப்பில் உத்தரவு. ஆகவே போன் வீட்டுக்குள். திரும்பி வந்து முன்வாசலில் நம்பரை அழுத்தினேன். போன தீபாவளிக்கு மகன் மாட்டிவிட்ட நம்பர் பூட்டு. செத்துக் கிடந்தது. நாலு நாளாகக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மூன்று தடவை கீச்சிட்டது. வணக்கம் சொல்கிறது என்று நினைத்திருந்தேன், பேட்டரி தீர்கிறது என்று சொல்லியிருக்கிறது. அவசரச் சாவி ஒன்று உண்டு. அது பீரோவுக்குள், பீரோ வீட்டுக்குள்.

சுற்றிப் பின்பக்கம் போனேன். பின்கட்டு கிரில்லில் அப்பாவின் மாங்காய்ப் பூட்டு தொங்கியது. மனைவி பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். அவள் நம்பர் எனக்குப் பாடமில்லை, போனுக்குத்தான் தெரியும். கடிகாரம் மணிக்கட்டில் துடித்தது: நாடி 108, ஒரு நிமிடம் மூச்சைக் கவனிக்கலாமா? கழற்றித் துளசி மாடத்தில் வைத்தேன்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மணிக்கூண்டுப் பக்கம் போனேன். அங்கே குடை போட்டு டூப்ளிகேட் சாவி போடுகிறவர் ஒரு காலத்தில் எங்கள் பட்டறையில் கைப்பிள்ளையாக இருந்தவர். ஏற்றிக்கொண்டு வந்தேன். முன்வாசல் பூட்டைப் பார்த்து, "இதுக்குச் சாவி போடுற ஓட்டை எங்க இருக்குன்னே தெரியலையேப்பா" என்றார். பின்னால் வந்து மாங்காய்ப் பூட்டை உள்ளங்கையில் ஏந்தினார், கனம் பார்க்கிற மாதிரி. கம்பியை உள்ளே விட்டார். தலையைச் சாய்த்துக் காதைப் பூட்டோடு ஒட்டினார். கண் எங்கேயோ நின்றது. மூச்சு இல்லை. நானும் விடவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். கம்பியை வெளியே எடுத்துத் துடைத்தார்.

"இது ஒங்கப்பா கை. ஆறு லீவர். தொறக்காது. அறுத்துத்தான் எடுக்கணும், அறுத்துரவா?"

வேண்டாம் என்றேன்.

"அப்ப ஒக்காருங்க" என்று சொல்லி, டீச் செலவுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

பின்கட்டுப் படியில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தேன். காலை ஒன்பதரை. வெயில் ஏறியது. முருங்கை மரத்து நிழலில்தான் நகர்ந்து உட்கார வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட வந்தார், இரண்டு தடவை இருமினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மத்தியானம் ஒருமுறை வந்து தொண்டையைச் செருமினார். முதுகை நிமிர்த்திக்கொண்டேன். தோளில் ஒரு கம்பளிப்பூச்சி விழுந்தது. தட்டிவிட்டேன், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. மாடத்தில் கடிகாரம் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது, நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள் என்று சொல்லியிருக்கும்.

மணி ஐந்தேகாலுக்குப் பஞ்சாமிர்த டப்பாவோடு மனைவி வந்தாள்.

"ஏன் இங்க ஒக்காந்திருக்கீங்க?"

"ஒங்கிட்டதான சாவி?"

"எங்கிட்ட ஏது சாவி? முன்வாசப் பூட்டு நாலு நாளாக் கத்துதே, எதுக்கும் இருக்கட்டும்னு பக்கத்து வீட்டு அண்ணங்கிட்ட குடுத்துட்டுத்தான போனேன். காலைலயே சொன்னேனே. நீங்க மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. தலைய ஆட்டுனீங்களே."

சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரர் தலை தெரிந்தது. கையில் சாவி.

"நானும் காலைலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தங்கச்சி. சார் தியானத்துல இருக்காரே, எழுப்பக் கூடாதுன்னு விட்டுட்டேன்."